கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்

வழி கேட்டு வந்தவரை வாசலில் நிற்க வைத்துப் பேசுவது எனக்குப் பழக்கமில்லை. உள்ளே வாருங்கள். அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள். தண்ணீர் குடியுங்கள். காலணிச் சேறு தரையில் பட்டால் பரவாயில்லை. அதைப் பார்த்ததுமே எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கால்வாய்க்கு அந்தப் பக்கம், சுவரில் போய் முட்டும் தெருவில் ஜீப்பை நிறுத்தியிருப்பீர்கள். போன் "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்று சொல்லியிருக்கும். இறங்கிப் பார்த்தால் முன்னால் வெறும் சுவர். அப்புறம்தானே யாரையாவது கேட்கலாம் என்று தோன்றியது? எல்லாருக்கும் அப்படித்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆனால் எங்கள் குடியிருப்பைப் பற்றிச் சொல்லாமல் விஷயத்துக்கு வர முடியாது. சுற்றித்தான் வர வேண்டும். இங்கே எதற்குமே நேர் வழி கிடையாது.

நகரத்தில் வேலை பார்ப்பவர்கள் தூங்குவதற்காகக் கட்டிய இடம் இது. காலையில் எல்லாரும் கிளம்பிப் போன பிறகு தெருவில் மிஞ்சுவது நாய்கள், ஓய்வுபெற்றவர்கள், கொடியில் காயும் துணிகள். இதில் துணிகளைத் தேடி மட்டும்தான் சாயங்காலம் யாராவது வருவார்கள். வீடெல்லாம் ஒரே அச்சு. ஒரே கேட், ஒரே ஜன்னல், ஒரே மங்கிய மஞ்சள். ஒருவர் ஆபீசிலிருந்து வந்து வேறொரு வீட்டுக்குள் புகுந்து, கைகால் கழுவி, சாப்பிட்டு, டிவி பார்த்து, படுக்கும்போதுதான் தலையணை உயரமாக இருக்கிறதே என்று கண்டுபிடித்தார். நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவன். ஆனால் தலையணை விஷயம் உண்மை.

தெருக்களுக்கு நம்பர்தான் பெயர். அந்த நம்பரும் வரிசையாக இருக்காது. எந்தத் தெரு முதலில் கட்டி முடிந்ததோ அது முதல் தெரு. அதனால் பன்னிரண்டாம் தெருவுக்குப் பக்கத்தில் நான்காம் தெரு இருக்கும். ஐந்தாம் தெரு எங்கே என்று கேட்டால் ஐந்தாம் தெருக்காரரே யோசிப்பார். நடுவில் மழைநீர்க் கால்வாய் ஒன்று குறுக்கே ஓடுகிறது, இரண்டு கரையிலும் ஆள் உயரத்துக்குச் சுவர். இந்தப் பக்கத்து ஆள் தும்மினால் அந்தப் பக்கத்து ஆள் கேட்கலாம். ஆனால் போய் விசாரிக்க வேண்டுமென்றால் மெயின் ரோட்டுக்கு வந்து, ரயில்வே கேட்டில் நின்று, ரயிலை வழியனுப்பிவிட்டு, சுற்றிக்கொண்டு போக வேண்டும். போவதற்குள் சளியே குணமாகியிருக்கும்.

இத்தனை விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லையே நீங்கள். இந்த வரைபடத்தை வரைந்தது நான்தான். இதைக் கட்டிய கம்பெனியில் நான் வரைவாளர். நம்பர் குழப்பம் ஆகும் என்று அன்றைக்கே முதலாளியிடம் சொன்னேன். அவர் முதலில் கட்டுவோம், குழப்பத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். குழப்பம் அவருடையது. அதைப் பார்த்துக்கொண்டவன் நான்.

ஓய்வு பெற்றதும் இந்த முதல் வீட்டை, தெரு வாயில் இருப்பதை, கேட்டு வாங்கிக் குடிவந்தேன். தெருவுக்குள் யார் வந்தாலும் என் கேட்டைத் தாண்டித்தான் போயாக வேண்டும். அந்த நாட்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வழி கேட்டு வந்தவர்களை வரிசையில் நிற்க வைத்திருந்தால் வரிசை ரயில்வே கேட்டைத் தொட்டிருக்கும். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்கள், குழாய் ரிப்பேர்காரர், பெண்ணைப் பார்க்க வந்து மாப்பிள்ளையை வேறு தெருவில் தொலைத்துவிட்ட குடும்பம். எல்லாருக்கும் நாற்காலி, தண்ணீர், வழி. நான் வழி சொன்னால் பாதி வழியில் மறந்து போகாது. இடது பக்கம் மாடியில் நீலப் பீப்பாய் இருக்கிற வீடு, அதைத் தாண்டினால் மூன்று கால் நாய், அது எந்தப் பக்கம் நொண்டுகிறதோ அந்தப் பக்கம் திரும்புங்கள் என்று சொல்வேன். சொன்ன இடத்துக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் திரும்பும்போது கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போவார்கள். ஒரு மனிதனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

என் மனைவிக்கு மட்டும் இதில் மதிப்பில்லை. "ஊருக்கே வழி சொல்றீங்க. காயப்போட்ட துணிய எடுக்க மாடிக்கு மட்டும் வழி தெரியல" என்பாள்.

பிறகு போனில் வரைபடம் வந்தது. வரிசை குறைந்தது, நின்றது. வண்டிகள் என் கேட்டைத் தாண்டிக் குனிந்த தலை நிமிராமல் போயின. நான் வாசலில் உட்கார்ந்திருப்பேன். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார். ஒரு நாள் ஒரு வண்டி நின்றது. நான் எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு போனேன். அவர் போனுக்குச் சிக்னல் கிடைக்கவில்லையாம், அதற்காக நின்றாராம். கிடைத்ததும் போய்விட்டார்.

இப்போது எதிர் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் அவருக்காகத்தானே வந்திருக்கிறீர்கள். காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளராக இருந்தவர். நல்ல மனிதர். இறந்துவிட்டார் என்பதற்காகச் சொல்லவில்லை, இருக்கும்போதும் நல்ல மனிதர்தான். தெருவில் அவருக்கு நான் வைத்த பெயர் சாட்டிலைட். பல் தேய்க்கக் குழாயடிக்குப் போவதென்றாலும் போனில் வழி பார்த்துத்தான் போவார். அவர் மனைவி என்னை அண்ணா என்றும் என் மனைவியை அண்ணி என்றும் கூப்பிடுவார். கண் ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் என்று என்னைத் தனியாகக் கேட்டுக்கொண்டு போனவர் அந்த அம்மா. அதை நான் மறக்கவில்லை.

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நான் ஒரு யோசனை சொன்னேன். நுழைவாயிலில் பெரிய பலகை வைத்து, மொத்தக் குடியிருப்பின் வரைபடத்தையும் நானே வரைந்து தருகிறேன், மூன்று வண்ணத்தில், மழைக்கு அழியாத பெயிண்டில் என்றேன். ஒரு மாதிரியும் வரைந்து கொண்டுபோயிருந்தேன். சாட்டிலைட் அதை வாங்கிப் பார்த்தார். நன்றாகத்தான் பார்த்தார். அப்புறம் சுருட்டி என்னிடமே கொடுத்தார்.

"சார், அழகா இருக்கு. ஃபிரேம் போட்டு வீட்டுல மாட்டுங்க. இப்பல்லாம் யார் சார் நின்னு போர்டு பாக்கறா? லொகேஷன் அனுப்புனா ஆள் வந்து பெல் அடிக்கறான். வழி சொல்ல ஆளே வேண்டாம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான்தான் கடைசியில் நிறுத்தினேன்.

இதற்காகக் கோபப்பட்டேன் என்று நீங்கள் எழுதினால் அது தவறு. நான் கோபப்படவில்லை. போன் கற்றுக்கொண்டேன். அந்த வரைபடத்தில் நம்மைப் போன்றவர்களும் திருத்தம் சொல்லலாம் என்று கண்டுபிடித்தேன். இந்தக் கடை மூடிவிட்டது, இந்த வாசல் அந்தப் பக்கம் என்று தட்டினால் அது ஏற்றுக்கொள்ளும். நிறைய சரியாகச் சொன்னவர்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும். எனக்குத்தான் நேரம் கொட்டிக் கிடந்ததே. ஒரு கடை விடவில்லை. எல்லாவற்றையும் படம் பிடித்தேன், பாராட்டினேன். என் தலையைப் பார்க்கிறீர்கள் அல்லவா, இதை வைத்துக்கொண்டு நான்கு முடிதிருத்தும் கடைகளை வானளாவப் புகழ்ந்திருக்கிறேன். கொஞ்ச நாளில் அந்த இயந்திரம் என்னை நம்பகமான வழிகாட்டி என்று அறிவித்தது. வீட்டில் ஒருவரும் சொல்லாத வார்த்தை. அப்புறம் நான் சொன்னால் போதும், விசாரிக்காமல் ஏற்றுக்கொண்டது.

அப்போதுதான் சாட்டிலைட்டின் வீட்டை நகர்த்தினேன்.

ரொம்ப இல்லை. திரையில் ஒரு விரல் அகலம்கூட இருக்காது. பின்பக்கம், கால்வாயைத் தாண்டி வைத்தேன். சுவரில் முட்டும் அந்தத் தெருவில்.

அடுத்த நாளே ஒரு பார்சல்காரர் வியர்த்து வழிய என் கேட்டில் வந்து நின்றார். "ஐயா, இந்த வீடு எங்க இருக்குங்க? சுவத்துக்குள்ள குடியிருக்காங்களா?" என்றார். உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். எதிரே காட்டினால் முடிந்துவிடும் என்பதால் முதலில் தெரு நம்பர் போட்ட கதையைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே போனார். அன்று ராத்திரி எனக்கு வந்த தூக்கம் மாதிரி ஓய்வு பெற்றதிலிருந்து வந்ததில்லை.

பிறகு என் வீட்டையும் அங்கேயே நகர்த்தினேன். பக்கத்து வீடுகளையும் ஒவ்வொன்றாகக் குடிபெயர்த்தேன். பழைய வரிசை திரும்பி வந்தது. முழுசாக இல்லை, ரயில்வே கேட்டைத் தொடவில்லை, ஆனால் வந்தது. சாட்டிலைட் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் சுவரைத் தரிசித்துவிட்டு, நாக்குத் தள்ளி, என்னிடம் வந்து சேர்ந்தார்கள். அவர் மச்சினர் ஒரு முறை அரை நாள் சுற்றினார். வந்தவர் என்னிடம் கேட்டார், கேட்டுவிட்டுத்தான் அக்கா வீட்டுக்கே போனார். சாட்டிலைட் அப்போதும் போனை விட்டுக்கொடுக்கவில்லை. சிக்னல் கோளாறு, மேகமூட்டம் என்றார். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. கடைசியில் அவரே தன் வீட்டைச் சரியான இடத்தில் வைக்கப் பார்த்தார். இயந்திரம் என்னைக் கேட்டது. நான் இல்லை என்றேன். அவர் மறுபடி வைத்தார். நான் மறுபடி நகர்த்தினேன். தன் வீடு எங்கே இருக்கிறது என்று அவர் சொன்னதை அது நம்பவில்லை, நான் சொன்னதை நம்பியது. நான்தானே நட்சத்திரம் வாங்கியவன்.

என் மனைவி கண்டுபிடித்துவிட்டாள். அவள் என்னைக் கண்டுபிடிக்காத விஷயம் எதுவும் இல்லை. ஒரு மத்தியானம் எதிர் வீட்டில் குழாய் உடைந்து, ரிப்பேர்காரர் சுவரைச் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில், அவர்கள் கூடத்தில் கணுக்கால் தண்ணீர் நின்றது. அந்த அம்மா வாளியால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். இவளும் போய் உதவினாள். புடவை நனைந்து திரும்பி வந்தவள் என் போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இது உங்க வேலையா?"

போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"விளையாட்டெல்லாம் சரி. நாளைக்கு ஒரு அவசரம்னு அந்த வீட்டுக்கு ஆள் வரணும்னா என்ன பண்ணுவாங்க?"

"அவசரமா வர்றவங்க கேப்பாங்க" என்றேன். "நான் இங்கதானே இருக்கேன்."

எனக்கு அது நியாயமான பதிலாகத் தெரிந்தது. இப்போதும் தெரிகிறது.

நீங்கள் விசாரிக்க வந்திருக்கிற அந்த நாள் காலையில் நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டு அம்மா கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். காலில் செருப்பில்லை. ஒரு கையில் போன். இடதும் வலதும் பார்த்தார். என்னைப் பார்த்து, அவருக்கு நெஞ்சு வலி, வேர்த்துக் கொட்டுகிறது, ஆம்புலன்சைக் கூப்பிட்டிருக்கிறேன், லொகேஷன் அனுப்பிவிட்டேன் என்றார். லொகேஷனை அனுப்பச் சொன்னதே சாட்டிலைட்தானாம். வலியிலும் மனிதர் மாறவில்லை.

இதைக் கேட்டதும் என் மனைவி எதிர் வீட்டுக்குள் ஓடினாள். அவரைச் சாய்த்து உட்கார வைத்திருப்பாள், விசிறியிருப்பாள். இந்த மாதிரி நேரத்தில் அவளுக்குக் கை நடுங்காது. நான் கேட்டருகே நின்றேன். யாராவது ஒருவர் வாசலில் நின்றுதானே ஆக வேண்டும்?

சைரன் கேட்டது. மெயின் ரோட்டில் வந்தது. எங்கள் தெருத் திருப்பத்தில் திரும்பாமல் நேரே போனது. ரயில்வே கேட் மூடவில்லை போலிருக்கிறது, சீக்கிரமே தாண்டிவிட்டது. அப்புறம் சத்தம் வளைந்து, நெருங்கி, எதிர் வீட்டுக்குப் பின்னாலேயே வந்து நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம். வண்டிக் கதவு திறக்கிற சத்தம்கூடக் கேட்டது. தூரம் என்று பார்த்தால் ரொம்பக் கிட்டத்தில்தான்.

அந்த அம்மா போனில் பேசினார். "வந்துட்டோம்னு சொல்றீங்க, எங்க வந்தீங்க, எங்க வாசல்ல யாரும் இல்லையே" என்றார். அவர்கள் ஏதோ சொன்னார்கள். "நான் வாசல்லதாங்க நிக்கறேன்" என்றார். அவர்கள் சுவர் முன்னால் நின்றிருக்கிறார்கள், இவர் வாசலில் நிற்கிறார், இரண்டு பேர் சொன்னதும் உண்மை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணா, ஆம்புலன்ஸ் வந்துச்சா, பாத்தீங்களா?"

"இல்லம்மா, நான் பாக்கல" என்றேன்.

நான் பார்க்கவில்லை. சத்தம்தான் கேட்டேன். இந்த இடத்தை நீங்கள் கவனமாக எழுதிக்கொள்ள வேண்டும். வந்ததா என்றுதான் அவர் கேட்டார். எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். டிரைவரிடம் நான் பேசுகிறேன், போனைக் கொடுங்கள் என்றிருப்பேன். அவருக்கு வழி சொல்வதற்கு என்னை விட்டால் இந்த உலகத்தில் வேறு ஆள் கிடையாது. நான் அங்கேதான் நின்றேன், கையில் பூவாளியோடு, பத்தடி தள்ளி. ஆனால் அவர் மறுபடியும் போனைத்தான் கேட்டார். மறுபடியும் லொகேஷனைத்தான் அனுப்பினார். அது மறுபடியும் சுவரைத்தான் காட்டியது.

அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்பதற்காகத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். வரைபடக் கம்பெனிக்காரர்கள் பதிவை எடுத்துக் கொடுத்திருப்பார்கள். ஆமாம், என் போனை எடுத்தேன். சாட்டிலைட்டின் வீட்டைத் திரும்ப அதனுடைய இடத்தில் வைத்தேன். சைரன் அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் வைத்தேன். பூவாளியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, நிதானமாக வைத்தேன். ஈரக் கையால் தட்டினால் திரை கேட்காது.

அது ஆம்புலன்சுக்கு உதவியதா என்று கேட்கிறீர்கள். இல்லை. அவர்களுக்குப் பழைய இடம்தான் போயிருந்தது. அது எனக்கும் தெரியும். பிறகு ஏன் செய்தேன் என்றால், தப்பாக இருக்கிற படத்தை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வராது. வரைவாளன் புத்தி.

சுவரின் அந்தப் பக்கம் சைரன் ஓய்ந்தது. மறுபடி கிளம்பியது, தள்ளிப் போனது, ரயில்வே கேட்டில் நின்றது. இந்த முறை மூடியிருந்தது. சரக்கு ரயில். அது போவதற்குள் ஒரு குழந்தை பிறந்து பள்ளிக்கூடம் போயிருக்கும். அந்த அம்மா தெரு நடுவில் நின்று ஒரு தரம் உள்ளே பார்த்தார், ஒரு தரம் திருப்பத்தைப் பார்த்தார். உள்ளேயிருந்து என் மனைவி எதையோ சொல்லிக் கூப்பிட்டாள். அவர் உள்ளே ஓடினார்.

கடைசியில் வண்டி தெருவுக்குள் திரும்பியது. என் கேட்டில் வந்து நின்றது. டிரைவர் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"ஐயா, நெஞ்சு வலின்னு கூப்பிட்ட வீடு எதுங்கய்யா?"

"எதிரே" என்றேன்.

என் வாழ்நாளில் இத்தனை சுருக்கமாக நான் வழி சொன்னது அன்றைக்குத்தான். நாற்காலி இல்லை, தண்ணீர் இல்லை, கதை இல்லை. நேரத்தின் அருமை எனக்கும் தெரியும்.

அவர்கள் உள்ளே போனார்கள். போன வேகத்தில் திரும்பி வரவில்லை. வந்தபோது ஒருவருக்கும் அவசரம் இருக்கவில்லை. டிரைவர் வண்டியில் ஏறும்போது என் பக்கம் பார்த்தார். நான் கையை உயர்த்தினேன். அவர் உயர்த்தவில்லை.

என் மனைவி அங்கிருந்து சாயங்காலம்தான் வந்தாள். அவள் எதுவும் கேட்கவில்லை. சாப்பாடு எடுத்து வைத்தாள். மறுநாள் ஒரு பையில் துணியை அடுக்கினாள். மாடியில் காய்ந்துகொண்டிருந்ததை அவளே போய் எடுத்து வந்தாள். வாசலில் நின்று ஒன்றே ஒன்று சொன்னாள்: "அவங்க என்கிட்ட கேக்கறாங்க, அண்ணி, ஆம்புலன்ஸ் ஏன் அந்தப் பக்கம் போச்சுன்னு. நான் என்னன்னு சொல்ல?"

இப்போது அவள் தன் தம்பி வீட்டில் இருக்கிறாள். என் மச்சான் வீடு ஒன்பதாம் தெருவில், கண்டுபிடிக்கச் சிரமமான இடம்தான். ஆனால் அங்கே போக அவளுக்கு வழி சொல்லிக் கொடுத்ததே நான்தான். திரும்பி வரவும் தெரியும். உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு போன் செய்தது அவள் என்று நினைக்கிறேன். நீங்கள் சொல்ல வேண்டாம், உங்களுக்குச் சங்கடம். அவளுக்கு என்மேல் கோபம் கிடையாது. கொஞ்ச நாள் கழித்து எதிர் வீட்டு அம்மாவுக்கு நானே விளக்கிச் சொல்கிறேன். எப்படியும் என்றைக்காவது அவர் வந்து கேட்பார். எதிர் வீடுதானே. இப்போதெல்லாம் அந்த ஜன்னலைத் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

மற்ற வீடுகளை ஏன் திருப்பி வைக்கவில்லை என்று கேட்டீர்கள். இதோ, இந்த வீட்டைத் தேடி நீங்களும் சுவர் வரை போய் வந்தீர்களே. நல்ல கேள்விதான். எல்லாவற்றையும் ஒரே நாளில் சரிசெய்துவிட்டால் நாளைக்கு இங்கே யார் வருவார்கள்? தினம் காலையில் உட்காருகிறேன். நேற்றுகூட இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் டாக்டர்.

கையெழுத்தா, போடுகிறேன். நீங்கள் எழுதியதைப் படித்துப் பார்க்கவே வேண்டியதில்லை, நான் சொன்னதைத்தானே எழுதியிருப்பீர்கள். அவர் இறந்ததற்கு நான்தான் காரணம் என்று ஒரு வரி இருக்கிறது, பார்த்தேன். இருக்கட்டும். படத்தைப் பொறுத்தவரை அது சரி. அந்த வீட்டை நகர்த்தியது நான், திருப்பி வைத்தது நான், வண்டி எங்கே நிற்கிறது என்று தெரிந்து சும்மா நின்றதும் நான். ஆனால் பக்கத்தில் இன்னொரு வரியும் சேர்த்துக்கொள்ளுங்கள். இத்தனை வருஷத்தில் என்னிடம் வழி கேட்டவர் ஒருவர்கூடத் தவறிப் போனதில்லை.

கிளம்பலாம். சட்டையை மாற்றிக்கொண்டேன், கேட்டைப் பூட்டிவிட்டேன். உங்கள் டிரைவர் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் பாருங்கள், அதை உள்ளே வைக்கச் சொல்லுங்கள். அது ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கமாகக் கூட்டிக்கொண்டு போகும் என்று எனக்குத் தெரியும். பின்னால் ஏறச் சொல்கிறீர்களே, பின்னாலிருந்து நான் எப்படி வழி சொல்வேன்? கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள் சார், நான் முன்னால் வருகிறேன்.